மிதக்கிற படகின் அடியைத் தேய்த்தேன்: ஐந்து நாள், ஒரு கயிறு

இன்று காலை மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படகின் அடியில் ஒரு சுற்று போய்வந்தேன். வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. இடப்பக்கம் நடுவில், செய்தித்தாளை விரித்த அளவு இடத்தில் மட்டும் கடுகு கடுகாய்ப் புதிய பார்னக்கிள் (படகின் அடியில் ஒட்டி வளரும், கெட்டி ஓடுள்ள சின்னக் கடல்பிராணி). அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வாரம் முன்பு அதைக் கெடுத்தவனே நான்தான்.

படகைக் கரையேற்றாமல், மிதக்கும்போதே அடியைச் சுத்தம் செய்ய எனக்கு ஐந்து நாள் பிடித்தது. இப்போது தெரிந்தது அன்றே தெரிந்திருந்தால் ஒன்றரை நாளில் முடிந்திருக்கும். மீதி மூன்றரை நாள் எங்கே போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் படகைப் பற்றி. ஃபைபர் உடல், நீளம் 7.2 மீட்டர். நீர்க்கோட்டில், அதாவது தண்ணீர்மட்டம் தொடுகிற கோட்டில், அளந்தால் 6.5 மீட்டர், அகலம் 2.4, தண்ணீருக்குள் ஆழம் 0.7. உள்ளே ஒரு சிறிய டீசல் எஞ்சின், பின்னால் ஒற்றைப் புரொப்பெல்லர், அதற்குப் பின்னால் சுக்கான். நீருக்குள் இருக்கும் பரப்பைத் தோராயமாகப் பிடிக்க, அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி நீர்க்கோட்டு நீளத்தால் பெருக்கினேன். என் படகின் வடிவத்துக்கு அதில் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டேன். ஏறக்குறைய 15 சதுர மீட்டர் வந்தது. பெரிய அறை ஒன்றின் தரை அளவுதான். தரையைத் துடைக்க அரைமணி நேரம் போதும், இதற்கு ஒரு காலைப்பொழுது போதாதா என்று நினைத்தேன். கணக்கு அங்கேயே தப்பிவிட்டது.

அடியில் பூசியிருந்தது செம்பு கலந்த, கரைந்து தேய்கிற வகைப் பெயின்ட். பூசி 14 மாதம் ஆகியிருந்தது. கடைசி மூன்று மாதம் படகு நகரவே இல்லை, கட்டிய இடத்திலேயே கிடந்தது. அந்த மூன்று மாதம்தான் எமன். படகு ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீரின் உரசலில் பெயின்டின் மேல்தோல் மெல்லக் கழன்று, ஒட்டியிருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். சும்மா கிடக்கிற படகில் அது நடக்காது.

விஷயம் தெரியவந்தது எஞ்சின் வழியாக. வழக்கமான வேகத்தில் போனாலும் சூடு ஏறியது, எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் புகைபோக்கியோடு வெளியேறும் தண்ணீர் மெலிந்திருந்தது. 10 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன். நிரம்ப 48 விநாடி ஆயிற்று. அப்புறம் வேகத்தை அளந்தேன். நீரோட்டம் ஏமாற்றும் என்பதால் ஒரே தூரத்தை இரண்டு திசையிலும் ஓடிச் சராசரி எடுத்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 4.3 நாட், அதாவது மணிக்கு 8 கிலோமீட்டர். பெயின்ட் அடித்த புதிதில் இதே சுற்றில் 5.8 நாட் போன படகு இது.

ஒரு கழியின் நுனியில் கேமராவைக் கட்டி இறக்கினேன். நீர்க்கோட்டை ஒட்டி, நான்கு விரல் அகலத்துக்குப் பச்சைத் தாடி. அதற்குக் கீழே பக்கங்கள் முழுக்கப் பழுப்பு வழவழப்பு. சேற்றில் விரலால் எழுதுவது போல எழுதலாம். வெயில் படாத அடிப்பாகம், ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) அடிவிளிம்பு, புரொப்பெல்லர், எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் துளையின் சல்லடை, இங்கெல்லாம் பார்னக்கிள். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், பார்னக்கிளுக்கு வேண்டாம். ஒரே படகில் மூன்று விதமான அழுக்கு, மூன்று விதமான வேலை. இதை அன்றே உட்கார்ந்து யோசித்திருக்கலாம்.

நான் யோசிக்கவில்லை. தண்ணீரில் இறங்காமலே முடித்துவிடலாம் என்று முதல் நாள் ஒரு கருவி செய்தேன். 3 மீட்டர் அலுமினியக் குழாய், நுனியை நெருப்பில் காட்டி வளைத்து, அதில் தரை கழுவும் பிரஷ். படகின் ஓரத்தில் மண்டியிட்டுக் குழாயைக் கீழே விட்டு மேலும் கீழும் இழுத்தேன். பிரஷ் படகைத் தொட்ட மாதிரியே இல்லை. குழாயின் இந்த முனையை நான் எவ்வளவு அழுத்தினாலும் அந்த முனை தண்ணீரில் நழுவி விலகியது. பிரஷை மேல்நோக்கித் தள்ள அடியில் ஏதாவது வேண்டும்.

சரி, மிதவை கட்டுவோம் என்று தெர்மாகோல் துண்டு ஒன்றைப் பிரஷின் முதுகில் கட்டினேன். பத்து நிமிடத்தில் அது ஏராவில் உரசி உதிர்ந்து, வெள்ளை மணிகளாகத் தண்ணீரில் பரவியது. அதை வலையால் அள்ளி எடுக்கவே ஒரு மணி நேரம். தெர்மாகோலைத் தண்ணீர் வேலைக்குத் தொடவே கூடாது.

அடுத்து 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனை மூடி இறுக்கிக் கட்டினேன். ஒரு லிட்டர் காற்றைத் தண்ணீருக்குள் அமுக்கினால் அது ஏறக்குறைய ஒரு கிலோ விசையோடு மேலே தள்ளும். ஐந்து லிட்டர் என்றால் ஐந்து கிலோ. கேனைக் கீழே அமுக்கவே முடியவில்லை. அமுக்கிய பிறகு கை சற்று நழுவியதும் குழாய் துள்ளி வெளியே வந்து என் மோவாயில் இடித்தது. கடைசியில் 2 லிட்டர் கேன் சரியாக வந்தது. குழாயில் காற்று நின்று அதுவும் மிதந்ததால், மேலும் கீழும் இரண்டு துளை போட்டுத் தண்ணீர் நிரம்பவிட்டேன். அன்று மாலைக்குள் நீர்க்கோட்டுப் பாசியும், இரு பக்கமும் முக்கால் மீட்டர் வரை வழவழப்பும் போனது. இந்த 2 லிட்டர் கேன் பிரஷ் நல்ல கருவி. ஆனால் அது வழவழப்புக்குத்தான். பார்னக்கிளின் மேல் ஓட்டினால் கூழாங்கல் தரையில் துடைப்பம் போடுவது போலத்தான்.

இரண்டாம் நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கௌரவமான நாள் இல்லை அது. பழைய கார்ப்பெட் ஒன்றை 60 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் கயிறு கட்டி, முன்முனையான அணியம் வழியாகப் படகுக்கு அடியில் விட்டோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மைத்துனன். ரம்பம் இழுப்பது போல மாறி மாறி இழுப்பது. முன்பாதியில் அருமையாக வேலை செய்தது, நாங்களும் பாட்டுப் பாடாத குறை. நடுவுக்கு வந்ததும் ஆழம் காட்டும் கருவியின் குமிழில் கார்ப்பெட் மாட்டிக்கொண்டது. "இழுங்க மாமா, வந்துரும்" என்றான். இழுக்கவில்லை, நல்லவேளை. இழுத்திருந்தால் படகின் அடியில் ஒரு ஓட்டை போட்டிருப்போம். ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்துவிட்டு மெல்ல உருவி எடுத்தோம். அடி வழுவழுவென்று, எந்தத் துருத்தலும் இல்லாத படகு என்றால் இது சிக்கனமான வழி. என் படகு அப்படி இல்லை.

ஆக மூன்றாம் நாள் தண்ணீரில் இறங்கியே ஆகவேண்டும் என்று ஆயிற்று. இறங்குவதற்கு முன் செய்தவற்றை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன், இதில் மட்டும் நான் எதையும் விடவில்லை. எஞ்சின் சாவியைக் கழற்றி என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டேன். சாவி தண்ணீருக்கடியில் இருக்கும்வரை யாரும் புரொப்பெல்லரைச் சுழற்ற முடியாது. கரையிலிருந்து படகுக்கு வரும் மின்சார ஒயரைப் பிடுங்கிக் கரையில் போட்டேன். இதைப் பலர் கண்டுகொள்வதில்லை. படகின் ஒயரிங்கில் கசிவு இருந்தால் சுற்றியுள்ள தண்ணீரில் மின்சாரம் பரவும். உப்புத் தண்ணீரைவிட நன்னீரில் அது இன்னும் கொடியது. நன்னீரைவிட மனித உடம்பில் மின்சாரம் சுலபமாகப் பாயும் என்பதுதான் காரணம். கை கால் மரத்து நீந்த முடியாமல் போகும், மேலிருந்து பார்ப்பவனுக்குக் காரணமே தெரியாது. பக்கத்துப் படகின் ஒயரும் இதே காரியத்தைச் செய்யும், அதனால் அவர்களிடமும் சொல்லி அணைக்கச் சொன்னேன். மேலே மைத்துனன் ஒரு கயிற்றோடு. கயிற்றின் மறுமுனை என் இடுப்பில். ஓர் இழுப்பு என்றால் நலம், மூன்று இழுப்பு என்றால் தூக்கு. நான் உள்ளே இருக்கும்வரை அவனுக்கு வேறு வேலை கிடையாது, ஃபோன் உட்பட.

கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர் நின்றிருக்கும் நேரமாகப் பார்த்து இறங்கினேன். காற்று உருளை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை, மூச்சடக்கித்தான். ஒரு முக்குக்கு, அதாவது ஒருமுறை முங்கி எழ, 25 விநாடி. அதற்குமேல் முயற்சிக்கக் கூடாது என்று கணக்கு. இறங்குவதற்குமுன் வேக வேகமாக மூச்சிழுத்தால் இன்னும் நேரம் தாங்கலாம் என்று தோன்றும். செய்யக் கூடாது, மூச்சு முட்டுகிற உணர்வு வராமலே மயக்கம் வந்துவிடும்.

25 விநாடியில் போக வர பத்துப் போய்விடும். மீதி 15 விநாடி வேலைக்கு. சுரண்டியை எடுத்து முதல் பார்னக்கிளின் அடியில் வைத்துத் தள்ளினேன். பார்னக்கிள் அங்கேயே இருந்தது. நான்தான் இரண்டடி பின்னால் போனேன். மறுபடி நீந்திவந்து தள்ளினேன், மறுபடி பின்னால் போனேன். தரையில் நின்று சுரண்டும்போது நம் எடையும் காலுக்கடியில் தரையும் எவ்வளவு வேலை பார்க்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. தண்ணீரில் எடை கிடையாது, தரை கிடையாது. சுரண்டும் சக்தியில் பாதி என்னைத் தள்ளவும், மீதி என்னைத் திரும்பக் கொண்டுவரவும் செலவாயிற்று.

கண்ணாடிப் பலகை தூக்குகிறவர்கள் பயன்படுத்துகிற ரப்பர் உறிஞ்சுகுமிழ்ப் பிடி ஒன்று வைத்திருந்தேன். அதை ஒட்டி ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் வேலை செய்யலாம் என்று திட்டம். நீர்க்கோட்டுக்கு மேலே பளபளப்பான பகுதியில் கச்சிதமாக ஒட்டியது. கீழே பெயின்டின் மேல் ஒட்டவே இல்லை. அது சொரசொரப்பானது, காற்றோ தண்ணீரோ ஓரத்தில் கசிந்துவிடுகிறது. ஓரிடத்தில் தேய்த்துத் தேய்த்து ஒட்டவைத்தேன். இழுத்ததும் தோசை வட்டம் போல ஒரு வட்டப் பெயின்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. பிடியைக் கரையில் வீசினேன்.

அன்று மட்டும் நாற்பது முக்கு. சுத்தமானது இரண்டு சதுர மீட்டர். பெரிய படகு ஒன்று கடந்த அலையில் என் படகு எழும்பி இறங்கியதில் உச்சந்தலையில் ஓர் அடி. கையில் மூன்று கீறல். பார்னக்கிளின் விளிம்பு பிளேடு மாதிரி, அதில் வரும் காயம் லேசில் ஆறாது, சீழ் பிடிக்கும். ஒன்றும் தெரியாதவன் போலக் கையுறை இல்லாமல் இறங்கியிருந்தேன். மேலே வந்து துவட்டும்போது தலைமுடிக்குள் என்னவோ ஊர்ந்தது. பாசியில் வாழ்கிற, அரிசி மணியில் பாதிகூட இல்லாத இறால் சாதிப் பூச்சிகள், நூற்றுக்கணக்கில். காதுக்குள்ளும் ஒன்று. அன்றிரவு முழுக்கக் காதில் யாரோ காகிதம் கசக்குவது போலிருந்தது. மறுநாளிலிருந்து தலையை மூடும் இறுக்கமான குல்லா; தலைக்கு அடி விழுந்தாலும் கொஞ்சம் தாங்கும்.

டார்வின் 1846 தொடங்கி எட்டு ஆண்டுகள் பார்னக்கிள் ஆராய்ச்சியோடு மல்லுக்கட்டியவர். அவருக்கு எப்படிப் பொறுமை இருந்ததோ. பார்த்தால் சிப்பி போலத் தோன்றினாலும் இது நண்டு, இறால் சாதி. குஞ்சுப் பருவத்தில் நீந்தித் திரிந்து, இடம் பார்த்துத் தலையைப் பசைபோட்டு ஒட்டிக்கொண்டு, அப்புறம் வாழ்நாள் முழுக்கக் காலால் இரையை வாய்க்கு வாரிப்போடுகிற பிராணி. அந்தப் பசையோடுதான் என் சண்டை.

நாலாம் நாள் காலை மறுபடி அதே கூத்து. பக்கத்துப் படகில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, நீ படகைத் தேய்க்கல. படகு உன்னைத் தள்ளிக்கிட்டிருக்கு" என்றார்.

"அப்புறம் எப்படிண்ணே?"

"பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாம என்னத்தத் தேய்ப்ப? கயித்த சுத்திக் கட்டு."

அவ்வளவுதான் சொன்னார், வலைக்குத் திரும்பிவிட்டார். மூன்று நாள் நான் தேடியது சுரண்டியை. தேடியிருக்க வேண்டியது பிடிமானத்தை.

12 மி.மீ. கயிறு, 10 மீட்டர். அணியத்தின் முன்னால் நடுப்பகுதியைத் தண்ணீரில் தொங்கவிட்டு, இரண்டு முனையையும் இரு பக்கமும் நடந்து பின்னால் கொண்டுவந்து, மேலே கட்டைகளில் இழுத்துக் கட்டினோம். கயிறு படகின் வயிற்றைச் சுற்றிய அரைஞாண் போல இறுகி நின்றது. அதில் அரை மீட்டருக்கு ஒரு கைவளையம் முடிச்சுப் போட்டிருந்தேன். ஏராவின் விளிம்பில் கயிறு உரசிப் பெயின்டைத் தின்னாமலிருக்க, அந்த இடத்தில் 40 செ.மீ. பழைய ஹோஸ் குழாயைக் கோத்துவிட்டோம். இது என் சொந்த யோசனை, அதனால் தனியாகச் சொல்கிறேன்.

இடக்கையை வளையத்தில் நுழைத்து, வலக்கையில் சுரண்டி. முதல் முக்கிலேயே எட்டுப் பார்னக்கிள். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் துல்லியமாகக் கேட்கும்: 'சரக்' என்று ஒன்று கழன்றால் முழுசாக வந்துவிட்டது, 'நொறுக்' என்றால் ஓடு உடைந்து அடித்தட்டு ஒட்டியபடி நிற்கிறது. அந்த அடித்தட்டு வெள்ளை நாணயம் போல இருக்கும். அதையும் எடுத்தே தீருவேன் என்று குத்தினால் பெயின்டும் அதற்குக் கீழே ஃபைபரின் மேல்தோலும் பெயரும். விட்டுவிட வேண்டும், கரையேற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். சுரண்டி பற்றி: பெயின்டர்கள் பட்டி பார்க்கிற அகல பிளேடுதான், ஆனால் இரண்டு மூலையையும் அரத்தால் உருட்டிவிட்டேன். கூர்மூலை ஒருமுறை வழுக்கினாலே நீளக் கோடு விழும். பிடியில் துளைபோட்டு மணிக்கட்டில் கயிறு. கயிறு கட்டாத இரண்டு சுரண்டி கடலடியில் கிடக்கின்றன.

மிதக்காமலிருக்க இடுப்பில் கட்டும் ஈய எடையையும் மாற்றினேன். முதலில் 4 கிலோ கட்டியிருந்தேன், அடியில் நிற்க அது உதவும் என்று. உண்மையில் கொஞ்சம் மிதப்பதுதான் நல்லது. 2.5 கிலோவாகக் குறைத்ததும், என் மிதப்பே என்னைப் படகின் அடியோடு சேர்த்து வைத்தது. கூரையில் பல்லி மாதிரி. அகலம் 2.4 மீட்டர்தான் என்பதால் எங்கே இருந்தாலும் 1.2 மீட்டர் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம், அந்தத் தைரியம்தான். அகலமான படகில் இந்தச் சாகசத்தைச் செய்யமாட்டேன்.

ஒரு பட்டை முடிந்ததும் கயிற்றை 60 செ.மீ. பின்னால் நகர்த்துவது. மொத்தம் பதினொரு நிறுத்தம். இரண்டு மணி நேரத்தில் ஏழு நிறுத்தம், ஒன்பது சதுர மீட்டர். முந்தின நாள் நாற்பது முக்கில் செய்ததைப் போல நாலரை மடங்கு. தலைகால் புரியவில்லை எனக்கு.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. பிடிமானம் கிடைத்ததும் கையில் பலம் வந்துவிட்டது. பார்னக்கிள் போன இடத்தில் மீதமிருந்த வழவழப்பைத் துடைக்க, முதல் நாள் பயன்படுத்திய அதே முரட்டுத் தரைப் பிரஷை எடுத்து ஓங்கித் தேய்த்தேன். கழியின் நுனியில் அது அப்பாவி. கையில் அதுவே அரம். சுற்றிலும் சிவப்புக் கலங்கல் எழுந்தது. அழுக்கு போகிறது, ஆகா, என்று இன்னும் தேய்த்தேன். மேலே வந்து கையுறையைப் பார்த்தால் செக்கச்செவேல். என் பெயின்டின் நிறம் சிவப்பு. டார்ச்சோடு மறுபடி இறங்கினேன். 40க்கு 60 செ.மீ. இடத்தில் சிவப்பு போய் அடிப்பூச்சின் சாம்பல் நிறம் தெரிந்தது.

அந்தப் பெயின்ட் தேய்வதால்தான் வேலை செய்கிறது, உண்மைதான். 1824இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, கப்பல்களின் அடியில் அடித்திருந்த செம்புத்தகடு கடல்நீரில் அரிக்காமலிருக்க அதோடு இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துக் காட்டினார். செம்பு அரிக்கவில்லை; ஆனால் அரிப்பு நின்றதும் பாசியும் பார்னக்கிளும் மண்டிவிட்டன. கரைகிற செம்புதான் அவற்றை விரட்டிக்கொண்டிருந்தது. ஆனால் தானாக மெல்லக் கரைவது வேறு, நான் ஒரே பகலில் ஒரு வருடக் கரைசலைத் தேய்த்துத் தண்ணீரில் விடுவது வேறு. அந்தச் செம்பு அங்கே வாழ்கிற மற்ற எல்லாவற்றுக்கும் விஷம். சில இடங்களில் இந்த வகைப் பெயின்டை நீரில் வைத்துத் தேய்க்கத் தடை இருப்பது இதற்காகத்தான். தொடங்குமுன் நான் துறைமுகத்தில் அனுமதி கேட்டேன். மெல்லிய துணியால் என்றால் சரி என்றார்கள். பிரஷ் என்று நான் சொல்லியிருக்கவில்லை. அதேபோல, வேறு கடலிலிருந்து வந்த படகை வந்த இடத்தில் சுரண்டுவதும் கூடாது. அந்த நீருக்கு அந்நியமான உயிர்களை நாமே விதைத்தது போலாகும். சர்வதேச கடல்சார் அமைப்பு 2011இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டு 2023இல் புதுப்பித்திருக்கிறது. என் படகு நகராமல் அங்கேயே கிடந்தது, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் சோம்பல் உதவியது.

அதற்குப் பிறகு கார்ப்பெட் துண்டை மரப்பலகையில் திருப்பி அறைந்து அதால் மட்டும்தான் துடைத்தேன். தண்ணீர் கலங்கினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டேன். வழவழப்புக்கு உள்ளங்கை அழுத்தமே போதும் என்பது அப்போதுதான் தெரிந்தது. போகாதது போகாமலே இருக்கட்டும்.

ஐந்தாம் நாள் பின்பகுதி. அங்கே கயிறு சுற்ற முடியாது, புரொப்பெல்லரும் அதைச் சுழற்றும் தண்டும் இருக்கின்றன. ஆனால் அங்கே பிடிக்கச் சுக்கான் இருக்கிறது. புரொப்பெல்லரில் பெயின்ட் இல்லாததால் பயமில்லாமல் சுரண்டலாம். வெண்கலத்தில் பிளேடு போன பிறகு பாத்திரம் தேய்க்கும் முரட்டு நார். இறகின் விளிம்பில் மட்டும் பார்த்து, அங்கே ஒரு வெட்டு விழுந்தால் அதிரத் தொடங்கும். மூன்று இறகிலும் நூறுக்கு மேல் பார்னக்கிள் எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டேன். மற்ற உலோகம் அரிக்காமலிருக்கத் தான் கரைந்துகொடுக்கும் துத்தநாகக் கட்டி ஒன்று தண்டில் உண்டு, அது பாதிக்குமேல் கரைந்திருந்தது. புதியதைத் தயாராக வைத்திருந்ததால் அங்கேயே மாற்றினேன்; ஒரு திருகாணி கைநழுவி மூழ்கியது, அதற்கும் மாற்று வைத்திருந்தேன். கட்டியின் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது, சிலர் அழகுக்காக அடித்துவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆழம் காட்டும் குமிழை விரலாலும் துணியாலும் மட்டும். கடைசியாக எஞ்சின் தண்ணீர்த் துளை. உள்ளே வால்வை மூடிவிட்டுத்தான் சுரண்டினேன், இல்லையென்றால் உடைந்த ஓடெல்லாம் உள்ளே போய்விடும். சல்லடையின் பிளவுகள் 3 மி.மீ. அகலம். அவற்றில் பாதி முழுசாக அடைபட்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரின் முனையால் ஒவ்வொன்றாகக் கிளறியபோது உள்ளிருந்து ஒரு குட்டி நண்டு வெளியே வந்து என்னை முறைத்துவிட்டுப் போயிற்று. வெளியே முடிந்ததும் வால்வைத் திறந்து, எஞ்சின் அறையில் வடிகட்டிக் கூடையைக் கழற்றிக் கழுவினேன். மறுபடி வாளி வைத்துப் பார்த்தேன். 31 விநாடி.

அன்று மாலை அதே தூரம், அதே இரண்டு திசை, அதே 2000 சுற்று: 5.6 நாட். புதுப் பெயின்டின் 5.8க்கு இன்னும் 0.2 குறைவு. ஒட்டியபடி விட்டுவந்த வெள்ளை வட்டங்களின் கணக்காக இருக்கும்.

செலவு என்று பார்த்தால் கயிறு, பட்டி பிளேடு நான்கு (இரண்டு கடலுக்கு), கையுறை, குல்லா, துத்தநாகக் கட்டி. எல்லாம் சேர்ந்து கரையேற்றும் கூலியில் பத்தில் ஒரு பங்கு தாண்டவில்லை. உறிஞ்சுகுமிழ்ப் பிடி தனி. அதை வாங்கியிருக்கவே வேண்டாம். எரிபொருளில் மிச்சமானதை இன்னும் சரியாக அளக்கவில்லை.

அடுத்தமுறை எதை மாற்றுவேன் என்று கேட்டால், மூன்று மாதம் விடமாட்டேன், அது முதல் விஷயம். வாரம் மூன்று கடந்ததும் 2 லிட்டர் கேன் பிரஷால் ஒரு மணி நேரம். பிரஷை மட்டும் மாற்றிவிட்டேன், இப்போது அதில் கார்ப்பெட் துண்டு. கயிற்றில் பதினொரு நிறுத்தமும் எங்கே வரும் என்று படகின் மேல்விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுவைத்திருக்கிறேன். மேலிருந்து காற்று அனுப்பும் சுவாசக் குழாய் வாடகைக்கு எடுப்பதைப் பற்றியும் யோசித்தேன், ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும். இரண்டு மீட்டர் ஆழத்தில்கூட அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியலாம். மூச்சடக்கியே பழகிவிட்ட எனக்கு அந்தப் பழக்கமே எமனாகிவிடும்.

அந்தச் சாம்பல் நிற இடத்துக்கு இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை. பெயின்டைத் தண்ணீரில் வைத்து அடிக்க முடியாது. கடுகளவு இருக்கும்போது பார்னக்கிள் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாலே கழன்று வந்துவிடுகிறது. இன்று காலை முப்பத்தைந்து எடுத்தேன். வியாழக்கிழமை மறுபடி இறங்க வேண்டும். மைத்துனனிடம் சொன்னேன். "மாமா, இந்தத் தடவை ஃபோன் வெச்சுக்கலாமா?" என்றான்.